முதலில் வந்து ஒட்டியவை



சென்ற இதழில் போர்ட் கிள்ளான் துறைமுகத் தொழிலாளர்களின் பழைய நினைவுகளை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கிள்ளானிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் கைப்பட எழுதியிருந்தார். 1972-இல் பெயர் மாறுவதற்கு முன், அந்த இடம் இன்னும் போர்ட் சுவெட்டன்ஹாமாக இருந்த நாளில், அவருடைய அப்பா தொங்கான் என்ற சரக்குப் படகுகளைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலை பார்த்தவர். வீடு திரும்பும்போது விரலிடுக்கெல்லாம் கீறலாக இருக்குமாம். அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருக்க, அப்பா அன்றைய வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாராம். "சிப்பி கையைக் கிழிக்கும்மா, ஆனா உளியை வச்சா பேர்ந்துடும். அதுக்கு அடியில சளி மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு, அதுதான் லேசுல போகாது. அதைச் சரியா தேய்க்கலேன்னா எல்லாம் மறுபடி சீக்கிரமே வந்து ஒட்டிக்கும்."

கடிதத்தின் கடைசி வரி இது: "அந்தச் சளி என்னவென்று அப்பாவிடம் கேட்காமலே விட்டுவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

நம் சுங்கை பூலோவுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். ஊருக்குப் பெயர் கொடுத்ததே ஓர் ஆறு. சுங்கை என்றால் ஆறு, பூலோ என்றால் மூங்கில். அந்த மூங்கிலாறு மேற்கே ஓடி, ஜெராம் பக்கத்தில் மலாக்கா நீரிணையில் போய்க் கலக்கிறது. நர்சரிக் கடைகள் வரிசையாக இருக்கும் நம் சாலையில் அல்லித்தொட்டி வாங்கப் போனவர்களுக்கு அந்தச் சளி பழக்கமானதுதான். தொட்டியின் உள்பக்கம் விரலை வைத்தால் வழுக்குமே, அதே இனம். ஆற்றங்கரைக் கல்லில், குளியலறை மூலையில், காலையில் பல் துலக்குமுன் நாக்கால் பல்லைத் தடவும்போது தட்டுப்படுவதில் எல்லாம் இருப்பது இந்த வகைப் படலம்தான். கடலில் அது எப்படித் தொடங்குகிறது என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று தோன்றியது.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. நான்காம் படிவம் படிக்கும் என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு ஜெராம் போனேன். கையில் இரண்டு பிளாஸ்டிக் அடிக்கோல்கள். ஒன்றை ஆறு துண்டாக வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு, நைலான் கயிற்றில் கோத்திருந்தோம். மற்றொன்றை ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே வைத்துக்கொண்டோம். ஜெட்டியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவரிடம் அனுமதி கேட்டோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, படகுகள் உரசாத ஒரு தூணை அவரே காட்டினார். கயிற்றைக் கட்டி, எல்லாத் துண்டுகளும் வற்று நேரத்திலும் நீருக்குள் இருக்கும்படி இறக்கிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையே அத்தை."

கண்ணுக்கு ஒன்றுமில்லைதான். புது அடிக்கோலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னேன். தாமரை இலையில் நிற்பதுபோல் குமிழாக நின்றது. கடலில் ஓர் இரவு கிடந்த துண்டின் மேல் அதே அளவு சொட்டு விட்டாள். அது நிற்கவில்லை, பரவி ஓடியது. ஒரே கடையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு அடிக்கோல்கள், ஓர் இரவில் வேறு வேறு பொருளாகிவிட்டன. அவள் நான்கைந்து முறை சொட்டு விட்டு விட்டுப் பார்த்தாள்.

கடல்நீர் என்றால் உப்பும் தண்ணீரும் மட்டும் என்று நாம் நினைத்துவிடுகிறோம். செத்து மக்கிய உயிர்களின் புரதம், மாவுப்பொருள், கொழுப்பு எல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியாத அளவில் கரைந்து கிடக்கின்றன. எந்தப் பொருளைக் கடலில் போட்டாலும், நிமிடக் கணக்கில் இவை அதன் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகின்றன. கண்ணாடியோ இரும்போ ரப்பரோ, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மேல்துணி போர்த்தியதுபோல் ஆகிவிடும். உயிருள்ளது எதுவும் வந்து ஒட்டுமுன்னே நடக்கிற வேலை இது. திண்ணையை மெழுகி வைத்தாயிற்று; விருந்தாளி இனிமேல்தான் வரவேண்டும்.

விருந்தாளிக்குப் பஞ்சமில்லை. ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். நீந்துகிற ஒன்று சுவரருகே வருகிறது, தொடுகிறது, விலகிப் போகிறது. மறுபடி வருகிறது. இந்தக் கட்டத்தில் ஓர் அலை அடித்தாலும் அது போய்விடும். பிடித்துப்போனால் தன் உடம்பிலிருந்து பசையைச் சுரக்கத் தொடங்குகிறது. சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் டிஎன்ஏவும் கலந்த கூழ் அது. நோன்பு மாதத்துப் பாசாரில் சிராப் பண்டோங் வாங்கினால் அதில் செலாசே விதை மிதக்கும் அல்லவா? ஊரில் சப்ஜா விதை என்பார்கள். கறுப்புப் புள்ளியாக விதை நடுவில் இருக்க, சுற்றிலும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. படலத்துக்குள் ஒவ்வொரு பாக்டீரியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. படலத்தில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரை வற்றவைத்து நிறுத்தால், மிஞ்சுவதில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குகூட உயிரணுக்களாக இருக்காது. மற்றதெல்லாம் அவை சேர்ந்து கட்டிய பசை. வாசகியின் அப்பா உளியால் தொட்டது அந்தப் பசையைத்தான்.

ஏன் ஒட்ட வேண்டும், கடல் முழுக்க இடம் இருக்கும்போது? இந்தக் கேள்வியை ஆற அமர ஆராய்ந்தவர் கிளாட் சோபெல். கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். 1930-களில் கண்ணாடித் தகடுகளைக் கடலில் தொங்கவிட்டு, எத்தனை மணி நேரத்தில் எத்தனை பாக்டீரியா ஒட்டுகின்றன என்று எண்ணினார். எஸ்தர் ஆலன் என்பவரோடு சேர்ந்து 1935-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கப்பலடியில் நடப்பதற்கு முதற்படி இந்த நுண்ணுயிர்கள் போடும் படலமே என்று காட்டியது. கடல்நீரைக் குப்பியில் அடைத்து வைத்தால் பாக்டீரியா பெருகுவதையும் அவர் கவனித்தார். குப்பி சிறியதாக இருந்தால் இன்னும் வேகமாகப் பெருகின. 1943-இல் அதற்கு விளக்கம் எழுதினார். கடலில் உணவு மிக மிக நீர்த்துப்போய்க் கிடக்கிறது. அது வந்து குவியும் இடம் சுவர். வயிற்றுப்பாட்டுக்காகத்தான் சுவரைத் தேடி வருகின்றன. ஜெராமில் என் அண்ணன் மகள் செய்தது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர் செய்ததையே. இதைச் சொன்னதும் அவள் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதத் தொடங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் ஒரு புடவைக் கதையைச் சொல்லியாக வேண்டும். காலராக் கிருமியும் கடலோர நீரைச் சேர்ந்ததுதான். வங்காள விரிகுடாவின் முகத்துவாரங்களில் அது தனியாக நீந்தித் திரிவதைவிட, துள்ளித் திரியும் மிகச்சிறு கூனிவகை உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்வது அதிகம் என்று ரீட்டா கால்வெல் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டறிந்தார். பாக்டீரியாவைத் துணியால் வடிகட்ட முடியாது. அது உட்கார்ந்திருக்கும் ஓட்டை வடிகட்டலாமே! வங்காளதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் பெண்கள் பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் பிடித்தார்கள். 2003-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அப்படிச் செய்த ஊர்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. துவைத்துத் துவைத்து நைந்த புடவைதான் நன்றாக வடிகட்டியது, நூல் உப்பி இடைவெளி குறைந்துபோனதால். கிருமி எங்கே ஒட்டுகிறது என்று தெரிந்துகொண்டதில் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்! இந்தச் செய்தியை முதலில் படித்த அன்று எனக்குப் பாட்டியின் நூல்புடவைகள் நினைவுக்கு வந்து நெடுநேரம் வேலை ஓடவில்லை.

ஒட்டிக்கொண்டு ஊர் அமைத்துவிட்ட பாக்டீரியாவின் குணம் தனியாக நீந்தும் பாக்டீரியாவின் குணம் அல்ல. 17-ஆம் நூற்றாண்டில் தம் பல்லிலிருந்து சுரண்டியதைத் தாமே செய்த உருப்பெருக்கியில் பார்த்த லேவன்ஹுக் என்பவர், காடி ஊற்றிக் கொப்பளித்தும் மேலே இருந்த உயிர்கள் மட்டுமே செத்தன என்று எழுதி வைத்தார். உள்ளே இருந்தவற்றைப் பசை காத்தது. மருந்துக்கும் அப்படித்தான். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியா, நீந்தும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்தையும் தாங்கிவிடும்.

மருந்துக்கு அசையாத கிருமி என்றதும் சுங்கை பூலோக்காரர்களுக்கு நம் தொழுநோய்க் குடியிருப்பு நினைவுக்கு வரும். 1930-இல் திறக்கப்பட்ட அந்த 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கில்'தான், டாப்சோன் மாத்திரைக்கு அடங்காத தொழுநோய்க் கிருமி உண்டு என்பதை 1964-இல் பெட்டிட், ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் உலகுக்கு முதன்முதலாக நிரூபித்தார்கள். அது வேறு வழி. அந்தக் கிருமி பரம்பரையிலேயே மாறிவிட்டது. படலத்துக்குள் இருப்பவை மாறவே தேவையில்லை. கூரையும் கூட்டமும் போதும். ஆனாலும் நுண்ணுயிர் ஆராய்ச்சி உலக வரைபடத்தில் நம் ஊருக்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே ஓர் இடம் கிடைத்ததை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இன்று நாம் செடி வாங்கும் நர்சரிகள் பலவற்றைத் தொடங்கியவர்கள் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள்தான்.

கூட்டம் என்றேன். பாக்டீரியாவுக்குத் தலையெண்ணத் தெரியும் என்பது 1970-இல் தெரியவந்தது. கடலில் ஒளிரும் விப்ரியோ வகை ஒன்று தனியாக இருக்கும்போது ஒளிர்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. நெருக்கம் கூடி அந்தப் பொருள் நீரில் ஓரளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்து ஒளிர்கின்றன. படலம் கட்டுகிற பல பாக்டீரியாக்களும் இதே வழியில் பேசிக்கொள்கின்றன. இந்தப் பேச்சைக் குழப்பத் தெரிந்த ஒரு பாசியும் கடலில் உண்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னிக் கரையோரம் வளரும் டெலிசியா என்ற சிவப்புப் பாசியின் மேல் மற்றவை அவ்வளவாக ஒட்டுவதில்லை. அது சுரக்கும் ஒரு பொருள் பாக்டீரியாவின் சமிக்ஞைக்கு இடையில் புகுந்து கெடுத்துவிடுகிறது. அதை ஆராய்ந்த குழுவில் இருந்த ஸ்டஃபன் கெல்லபெர்க் பின்னாளில் நம் பக்கத்துச் சிங்கப்பூருக்கு வந்து, உயிர்ப்படலத்துக்கென்றே 2011-இல் தொடங்கப்பட்ட ஆய்வு மையத்துக்கு இயக்குநரானார்.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது துண்டை எடுத்தோம். இப்போது கண்ணுக்கே தெரிந்தது. தேநீர்க் கறைபோல் இளம்பழுப்பு. விரல் வைத்தால் வழுக்கியது. இரவல் வாங்கிய பள்ளி நுண்ணோக்கியில் அவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. தோளைத் தொட்டு நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. உள்ளே பொன்னிறத் தோணிகள்! இருமுனையும் கூராக, நடுவில் ஒரு கோடு ஓட, துடுப்பில்லாமல் சறுக்கிச் சறுக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று எதிரே வந்த மணல்துகளில் முட்டி நின்று, வந்த வழியே பின்னோக்கிப் போயிற்று. டயட்டம் என்று பெயர். கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஓடு செய்துகொள்ளும் ஒற்றையணுப் பாசி. பாக்டீரியா பசை போட்ட இடத்தில் இவை வந்து சேர்ந்து, வெயிலில் சமைத்துத் தாமும் பசையைச் சுரக்கின்றன. படலம் தடிக்கிறது.

மூன்றாம் வாரம் ஐந்தாவது துண்டில் வெள்ளைப் புள்ளிகள், ஊசித்தலை அளவு. பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு "தெரித்திப்" என்றார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கொட்டலசு என்பார்கள். தொங்கானின் அடியில் கையைக் கிழித்தது இதுதான். வளர்ந்த கொட்டலசு ஒரு கல்மாதிரி அசையாமல் இருக்கும். குஞ்சாக இருக்கும்போது அது நடக்கும் என்பதை இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன். இடம் தேடும் பருவத்தில் அது சாப்பிடுவதே இல்லை. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பு தீருமுன் வீடு பார்த்தாக வேண்டும். இரண்டு உணர்கொம்புகளைக் கால்போல ஊன்றிப் படலத்தின் மேல் நடந்து, நின்று, தடவி, பிடிக்காவிட்டால் நீந்திப் போய்விடும். பிடித்துவிட்டால் தலைகீழாக நின்று தலையை ஒட்டவைத்துக்கொள்ளும். பிறகு ஆயுளுக்கும் பெயர்ச்சி கிடையாது.

அது எதைத் தடவிப் பார்த்து முடிவு செய்கிறது? பெருமளவுக்கு அந்தப் படலத்தைத்தான். எந்தப் பாக்டீரியா குடியிருக்கிறது, எவ்வளவு நாள் பழசு என்பதெல்லாம் கணக்கில் வருகிறது. கப்பலடியில் வெள்ளைக் குழாய் கட்டி வாழும் ஹைட்ராய்டிஸ் என்ற புழு இன்னும் பிடிவாதக்காரி. ஹவாய்த் தீவுகளின் பேர்ள் ஹார்பரில் மைக்கேல் ஹேட்ஃபீல்டின் குழு பல ஆண்டுகள் கவனித்ததில், படலம் இல்லாத சுத்தமான பரப்பில் அதன் குஞ்சு இறங்குவதே இல்லை. இறங்காவிட்டால் அது குஞ்சாகவே இருந்து செத்துப்போகும். ஒரு பாக்டீரியாவின் தொடுகை கிடைத்தால்தான் அதன் உடம்பு பெரியவளாக மாறத் தொடங்குகிறது. பவளக் குஞ்சுகள் சிலவும் பாக்டீரியா தரும் வேதிக்குறிப்பை முகர்ந்துதான் இறங்குகின்றன. ஒரு பவளத்திட்டு முழுக்க இப்படி முதலில் வந்து ஒட்டியவற்றின் சம்மதத்தில் நிற்கிறது என்று நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

ஆக, கிள்ளான் வாசகியே, உங்கள் அப்பா சொன்னது அப்படியே சரி. அந்தச் சளி இருந்தால் மற்றவை சீக்கிரம் வரும். கடல் உயிரியல் படித்தவர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதை அவர் விரல்கள் கண்டிருந்தன.

அந்தச் சளியோடு போராடி உலகம் செலவழித்த பணமும் செய்த தவறும் கொஞ்சமல்ல. கொட்டலசு இல்லாமல் சளி மட்டும் தடிப்பாகப் படிந்திருந்தாலே, அதே வேகத்தில் போக ஒரு போர்க்கப்பலுக்கு 21 சதவீதம் கூடுதல் இயந்திரச் சக்தி வேண்டும் என்று அமெரிக்கக் கடற்படைப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007-இல் கணக்கிட்டார். சிப்பிகள் அடர்ந்துவிட்டால் 86 சதவீதம். இதற்காகவே இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் டிரைபியூட்டைல் டின் கலந்த சாயத்தைக் கப்பலடியில் பூசினார்கள். நன்றாக வேலை செய்தது. நீரில் கரைந்து, துறைமுகத்துச் சங்குகளில் பெட்டைகளுக்கு ஆணுறுப்பு முளைக்கவும் செய்தது. பிரான்சின் ஆர்காஷோன் விரிகுடாவில் ஆளிச்சிப்பி வளர்ப்பே நொடித்தது. மலேசியக் கரையோரச் சங்குகளிலும் அந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. 2001-இல் உலக நாடுகள் கூடி அந்தச் சாயத்தைத் தடைசெய்ய ஒப்பந்தம் போட்டன. 2008 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சுரண்டுகிற மனிதனின் கையைக் காப்பாற்ற ஒரு சாயம் வந்தது நல்லதுதான். அது கடலுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்க இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டோமே என்பதுதான் என் வருத்தம்.

தமிழ்நாட்டில் இந்தப் போர் நடக்கும் இடம் கல்பாக்கம். 1984-இல் வணிகரீதியில் மின்சாரம் தரத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம், தன்னைக் குளிர்வித்துக்கொள்ளக் கடலடியில் குடைந்த 468 மீட்டர் சுரங்கத்தின் வழியாகக் கடல்நீரை இழுக்கிறது. உள்ளே வெயில் இல்லை, எதிரிகள் இல்லை, நீரோ இடைவிடாமல் உணவோடு ஓடுகிறது. பச்சைச் சிப்பிகளுக்கு இதைவிட நல்ல வீடு ஏது? சுவரெங்கும் அப்பிக்கொண்டன. குளோரின் விட்டால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் காத்திருக்கும். படலமும் குளோரினை மேல்பசையிலேயே செலவழிக்க வைத்துவிடும். இதற்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையம் கல்பாக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்து, எவ்வளவு குளோரின், எத்தனை நேரம், எந்தப் பருவத்தில் என்று பல ஆண்டுகளாக அளந்து வந்திருக்கிறது. அதே ஆசியப் பச்சைச் சிப்பி கப்பலேறிப் போய், 1999-இல் அமெரிக்காவின் தம்பா விரிகுடாவில் ஒரு மின்நிலையத்தின் நீர்க்குழாயில் அகப்பட்டது. எங்கே போனாலும் அதற்குத் தெரிந்த வாசல் அதுதான் போலும்.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஜெராமில் நான் பார்த்த மிக அழகான காட்சியை இன்னும் சொல்லவில்லை.

நான்காவது துண்டு எடுக்கப் போன அன்று நீர் வெகுதூரம் வற்றியிருந்தது. ஜெட்டியின் முனையிலிருந்து பார்த்தால் அடிவானம்வரை சேறு. காலை ஒன்பது மணி வெயில் ஏற ஏற, அந்தச் சாம்பல்நிறச் சேற்றின் மேல் ஒரு பொன்பழுப்பு மெருகு மெல்லப் படர்ந்தது. முதலில் வெயிலின் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அது டயட்டம்கள் மேலே ஏறி வரும் காட்சி. நீர் வடிந்ததும் சேற்றுக்குள்ளிருந்து மேல்பரப்புக்கு வந்து வெயில் காய்கின்றன. ஓதம் திரும்புமுன் மறுபடி உள்ளே இறங்கிவிடுகின்றன. அந்தச் சேற்றைக் கிண்ணத்தில் அள்ளி, கடலே இல்லாத அறைக்குள் வைத்தாலும், சில நாள்வரைக்கும் அந்த வேளை தவறாமல் ஏறி இறங்கும். ஏறி இறங்கும்போது அவை சுரக்கும் பசைதான் சேற்றுத் துகள்களைக் கோத்துப் பிடிக்கிறது. அலை வந்து இழுக்கும்போது சேறு கரைந்து ஓடாமல் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் கரையைப் பிடித்து வைத்திருப்பதில் அலையாத்தி வேர்களுக்குப் பங்கு உண்டு என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். வேருக்கு வெளியே கிடக்கும் வெற்றுச் சேற்றைப் பிடித்து வைத்திருக்கும் இந்த மெருகைப் பற்றி யாரும் சொல்லித் தந்ததில்லை.

கோய்த்தியாவில் நாம் தேடித் தேடி எடுத்துச் சாப்பிடும் கெராங் சிப்பி அந்தச் சேற்றில் பாதி புதைந்து, நீர் ஏறும்போது இந்த டயட்டம்களைத்தான் வடிகட்டி உண்கிறது. சிலாங்கூர்க் கரையின் கெராங் விளைச்சல் கடந்த பதினைந்து ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்தப் பேச்சை எடுத்ததும் பெரியவர் வலையைக் கீழே வைத்துவிட்டு ஆற்று வாயைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அது நம் ஊர் வழியாக வருகிற ஆறு.

பறவைகளும் இந்தச் சேற்றை நம்பித்தான் வருகின்றன. வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளான்கள், வற்று நேரத்தில் நம் சேற்றுவெளியில் மேய்ந்து, நீர் ஏறியதும் காப்பார் மின்நிலையத்தின் சாம்பல் குட்டைகளில் ஒதுங்கி நிற்கும். மேற்கத்திய உள்ளான் என்ற ஒரு வகை, புழு பூச்சி மட்டுமின்றி இந்தப் படலத்தையே நக்கி உண்கிறது என்று 2008-இல் ஜப்பானிய, கனடிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன் நாக்கு நுனியில் அதற்கென்றே தூரிகைபோல் மயிர்கள் உண்டு. கனடாவின் ஃபிரேசர் ஆற்றுக் கழிமுகத்தில் கண்டது அது. நம் கரைக்கு வரும் சிறு உள்ளான்களையும் இனி அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

கெராங்கும் பறவைகளும் உண்ணும் இந்தச் சேற்று மேசையில் நாம் எதைக் கொண்டுபோய் வைக்கிறோம் என்பதும் அன்று கண்ணில் பட்டது. சேற்றில் பாதி புதைந்து ஒரு பிளாஸ்டிக் புட்டி. அதன் மேலும் அதே பழுப்புப் படலம். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கின் மேல் இப்படிக் குடியேறும் உயிர்க்கூட்டத்துக்கு 2013-இல் விஞ்ஞானிகள் தனிப் பெயரே வைத்தார்கள். படலம் தடிக்கத் தடிக்க மிதந்த துண்டு கனத்து மூழ்குகிறது. மணமும் மாறுகிறது. கலிபோர்னியக் கடலில் மூன்று வாரம் ஊறிய பிளாஸ்டிக் மணிகளிலிருந்து, கடற்பறவைகள் இரை தேடப் பயன்படுத்தும் அதே கந்தக வாசம் வந்ததை 2016-இல் கண்டார்கள். உணவு என்று நம்பி அவை விழுங்குகின்றன. கிள்ளான் ஆற்றில் குப்பையை வழிமறிக்க 2019-இலிருந்து ஒரு மிதவை இயந்திரம் நிற்கிறது. நம் மூங்கிலாற்றில் விழும் புட்டிக்கு ஜெராம்வரை நேர்வழிதான்.

அந்தப் புட்டியை எடுத்து வந்துவிட்டோம். அண்ணன் மகள் அதைக் கழுவவிடவில்லை. நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமாம். பார்த்தாள். தோணிகள் அங்கேயும் சறுக்கிக்கொண்டிருந்தன.

பெரியவர் அடுத்த மாதம் தம் படகைக் கரையேற்றிச் சுரண்டிச் சாயம் பூசப்போகிறார். உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தை மட்டும் சுரண்டாமல் விட்டுவைக்கிறேன், வந்து பார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். வாசகியின் முகவரிக்கு நானும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை நீர் வற்றும் நேரத்தைக் குறித்து, ஜெராம் ஜெட்டிக்கு வரும்படி அழைத்திருக்கிறேன். ஆறாவது துண்டு இன்னும் கயிற்றில்தான் தொங்குகிறது. அவர் விரல் வைத்துப் பார்க்கட்டும் என்று அதை நாங்கள் எடுக்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்